எட்டு போட்ட மறுநாள்

மணவூரிலிருந்து திருத்தணிக்குப் போகும் சாலையில் சைக்கிள்காரர், ஆட்டு மந்தை, கரும்பு லாரி, ஆடிக் கிருத்திகை வந்தால் காவடி தூக்கி நடப்பவர் என எல்லோருக்கும் இடம் உண்டு. லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வாரமே ஆன பதினெட்டு வயது இளைஞருக்கும் அதே சாலைதான். அவரை முதல் ஓராண்டுக்குச் சில கட்டுப்பாடுகளுக்குள் வைப்பது நியாயமா, நல்ல பயிற்சி கொடுத்துவிட்டு முழு உரிமையோடு விடுவது நியாயமா என்பது கேள்வி. பயிற்சியே போதும் என்ற பதில் கேட்க இனிமையானது. அதில் யாருடைய சுதந்திரமும் குறைவதில்லை. ஆனால், கிடைத்துள்ள சான்றுகள் அந்தப் பதிலுக்குத் துணை நிற்கவில்லை.

2022-ஆம் ஆண்டில் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சாலையில் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இங்கே சட்டம் எப்படி இருக்கிறது? எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் பைக்கின் பின்னால் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. எல் போர்டு மாட்ட வேண்டும். முப்பது நாள் கழித்து ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டால், அதோடு எல்லாத் தடையும் விலகிவிடுகிறது. அன்றிரவே நண்பரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போக அவருக்கு முழு உரிமை உண்டு. தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் விபத்துக்கான வாய்ப்பு மிக அதிகம், பிறகு அது வேகமாகக் குறைகிறது என்பது பல நாடுகளின் அனுபவம். நம் சட்டமோ ஆபத்து உச்சத்தில் இருக்கும் நாளில்தான் பிடியை முழுவதுமாக விடுகிறது.

இதற்குப் பயிற்சியைக் கூட்டினால் போதாதா? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிகால்ப் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு விரிவான பயிற்சி தந்து பார்த்தார்கள். விபத்துகளில் நிலைத்த குறைவு தென்படவில்லை. நார்வேயில் வழுக்கும் சாலையில் ஓட்டக் கற்றுத் தந்தபோது, இளம் ஆண்களின் வழுக்கல் விபத்துகள் கூடவே செய்தன. கை பழகியதும் துணிச்சல் வந்துவிடுகிறது. எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற நிதானம் அதே வேகத்தில் வருவதில்லை. நிதானம் ஓட்டி ஓட்டித்தான் வரும். 1993-இல் ஸ்வீடன், கார் ஓட்டப் பழகும் வயதைப் பதினேழரையிலிருந்து பதினாறாகக் குறைத்து, உரிமம் தரும் வயதைப் பதினெட்டிலேயே வைத்தது. பெரியவர் பக்கத்தில் அமர்ந்திருக்க நீண்ட காலம் ஓட்டிப் பழகியவர்களிடம் பின்னாளில் விபத்து குறைந்தது. நியூசிலாந்து 1987-இலேயே உரிமத்தைப் படிப்படியாகத் தரத் தொடங்கியது: இடைநிலை உரிமம் பெற்றவர், அனுபவமுள்ளவர் துணையின்றி இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஓட்டக் கூடாது, பயணிகளையும் ஏற்றக் கூடாது. இந்த முறையைப் பின்பற்றிய நாடுகளில் இளையோர் விபத்துகள் குறைந்ததை ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. பைக்கில் பக்கத்து இருக்கை கிடையாது. பெரியவரின் கண்காணிப்பை அங்கே உட்கார வைக்க முடியாது என்பதால், இரவையும் பின்னிருக்கைச் சுமையையும் சிறிது காலம் விலக்கி வைப்பதே நமக்குக் கைவசம் உள்ள வழி.

சிலர் செய்யும் தவறுக்கு ஒரு வயதினர் அனைவரையும் தண்டிப்பதா என்ற எதிர்ப்பு வலுவானது. தண்டனை என்றால் அது அநீதிதான். ஆனால், இங்கே யார் மீதும் குற்றம் சுமத்தப்படவில்லை; அனுபவம் இல்லை என்ற உண்மை மட்டுமே ஏற்கப்படுகிறது. வாடகை வாகனம் ஓட்ட இருபது வயது என்று சட்டம் சொல்லும்போது பத்தொன்பது வயதினரை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. புதிய ஓட்டுநர் தன் உயிரை மட்டும் பணயம் வைத்தால் அவரது விருப்பத்துக்கு விட்டுவிடலாம். சாலையோரம் நடப்பவர் அந்தப் பணயத்துக்குச் சம்மதித்தவர் அல்லர். அவரது சம்மதமின்றி அவர் மீது ஏற்றப்படும் ஆபத்தைக் குறைக்க, எல்லோருக்கும் பொதுவான, காலவரையுள்ள, தவறின்றி ஓட்டினால் தானாக விலகும் கட்டுப்பாடு மிகச் சிறிய விலை. 2019 சட்டத் திருத்தம், சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் மறுப்பும் விதித்தது. நடந்து முடிந்த பிறகு இவ்வளவு கடுமை காட்டுவதைவிட, நடக்கும் முன் சிறிது தடுப்பது கருணையானது.

பிழைப்பு பற்றிய எதிர்ப்பு இதைவிடக் கனமானது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கும் கிராமத்து இளைஞருக்கு பைக் இருந்தால்தான் வேலை. கடைசிப் பேருந்து போன பிறகு அவரை வீட்டில் இருக்கச் சொல்லும் விதி, கார் வைத்து ஓட்டுநரும் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையைத் தொடாது, ஏழையைத்தான் தொடும். ஆகவே வேலை, மருத்துவம், படிப்பு ஆகியவற்றுக்கான பயணத்துக்கு இரவுத் தடையிலிருந்து விலக்கு வேண்டும். கம்பெனி அடையாள அட்டை அதற்குப் போதும். பின்னிருக்கைத் தடைக்கு அத்தகைய விலக்கு அதிகம் தேவைப்படாது. போலீஸ் பிடித்துக் காசு பார்க்கும் என்ற அச்சமும் பொய்யல்ல. அதனால்தான் விதிகள் இரண்டு மூன்றோடு நிற்க வேண்டும், வண்டியில் தனி அடையாளம் இருக்க வேண்டும், முதல் மீறலுக்கு அபராதத்துக்குப் பதில் கட்டுப்பாட்டுக் காலம் நீள வேண்டும்.

பயிற்சியும் தேவைதான். எட்டு போடுவதோடு முடியும் தேர்வு, நெரிசலில் ஓட்டத் தெரியுமா என்பதைச் சோதிப்பதில்லை. அதை மாற்றும் பொறுப்பு அரசுடையது. இரவுப் பேருந்து விடாமல், தேர்வைச் சீராக்காமல், இளைஞரிடம் மட்டும் பொறுமை கேட்க அரசுக்குத் தகுதியில்லை. அவை நடக்கும்போது, அந்த ஓராண்டுப் பொறுமையை மறுக்க இளைஞருக்கும் நியாயம் இல்லை.