குழாய் வியர்த்தால் குற்றம் யாருடையது?

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் ஜூலை பிறந்தால் ஒரு சச்சரவும் கூடவே பிறந்துவிடும். வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா பகுதிகளில் வீடுகள் பல மண்மீது நேராக அமர்வதில்லை. குட்டைச் சுவர்களின்மேல் மரச்சட்டங்களைப் பரப்பி, அதன்மேல் தரை போட்டிருப்பார்கள். தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய ஓர் இருட்டு வெளி இருக்கும். கிரால் ஸ்பேஸ் என்கிறார்கள். ஏசியின் குளிர்காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் டக்ட் குழாய்கள் பெரும்பாலும் அதற்குள்தான் ஓடுகின்றன. கோடை முற்றியதும் அந்தக் குழாய்கள் வியர்க்கத் தொடங்கும். நீர் சொட்டும், மரம் ஊறும், பூஞ்சை படரும், மேலே கூடத்தில் பலகைத் தரை நெளியும்.

வீட்டுக்காரர் முதலில் பிளம்பரை அழைக்கிறார். தண்ணீர்க் குழாயில் ஒழுக்கு இல்லை என்கிறார் அவர். ஏசி மெக்கானிக் வந்து பார்த்து, இயந்திரம் சரியாகவே ஓடுகிறது என்கிறார். கட்டியவரோ, விதிப்படி காற்றுத் துளைகள் வைத்தாயிற்று என்று வரைபடத்தைக் காட்டுகிறார். மூவர் சொல்வதும் உண்மை. ஆனாலும் தரை அழுகிக்கொண்டிருக்கிறது.

எல்லாரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்த இடத்தில் கேடு எப்படி விளைகிறது? விளைந்த கேட்டுக்கு யார் பொறுப்பு? தத்துவம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்விகள் இவை. வியப்பு என்னவென்றால், காரணம் என்றால் என்ன என்று ஐரோப்பியத் தர்க்கம் ஆராய்ந்தபோது அது எடுத்துக்கொண்ட பெரிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று இதே நீர்த்துளிதான்.

முதலில் துளியின் கணக்கைப் பார்த்துவிடலாம். வெளியே 30 டிகிரி செல்சியஸ் வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்று சுமார் 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராவியை முழுதும் தாங்க முடியாது. அந்த வெப்பநிலைதான் பனிநிலை. டக்டுக்குள் ஓடும் காற்றோ 13 டிகிரி அளவில் இருக்கிறது. மேலே சுற்றிய இன்சுலேஷன் ஓரிடத்தில் நசுங்கியிருந்தாலும், அதன் உறை கிழிந்திருந்தாலும், அந்த இடத்தின் வெளிப்பரப்பு 15 டிகிரிக்கு இறங்கிவிடக்கூடும். 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்குவது 13 கிராமுக்கும் குறைவு. மீதிப் பத்து கிராம் குழாயின்மேல் நீராக இறங்குகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பின் புறத்தில் நீர் முத்துமுத்தாகத் துளிர்ப்பதும் இதே கணக்கில்தான்.

அப்படியானால் அந்த நீர் எங்கிருந்தது? சாங்கியர்களைக் கேட்டால், காரியம் காரணத்துக்குள் முன்பே மறைந்திருந்தது, இப்போது வெளிப்பட்டது என்பார்கள். நியாய வைசேடிகர்கள் இதை ஒப்பமாட்டார்கள். காரியம் என்பது முன்பு இல்லாத புதுப்பொருள் என்பது அவர்கள் நிலை. குழாயடியில் நின்று பார்த்தால் இரண்டு கட்சிக்கும் இடம் இருக்கிறது. நீர் காற்றிலேயே இருந்தது. ஆனால் மரத்தை ஊறவைக்கும் ஈரமாக அது எங்கும் இருக்கவில்லை. காற்றில் மட்டும் தேடினாலும் குழாயில் மட்டும் தேடினாலும் அந்த ஈரம் அகப்படாது. இரண்டும் கூடும் இடத்தில்தான் அது பிறக்கிறது.

இதைச் சோதனையால் நிறுவியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். 1757-இல் பிறந்தது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில். குழாய்கள் வியர்க்கும் அதே புழுக்கமான கடலோரம்! பிற்காலத்தில் லண்டனில் மருத்துவம் பார்த்த அவர், இரவுகளில் தோட்டத்தில் சிறு கம்பளிக் கொத்துகளை எடைபோட்டு வைத்தார். உயர்த்தி நிறுத்திய பலகையின்மேல் ஒன்று, அதன் அடியில் ஒன்று. விடிந்ததும் மறுபடி நிறுத்துப் பார்த்து, எது எவ்வளவு பனியை ஏற்றது என்று குறித்தார். பனி வானத்திலிருந்து விழுகிறது என்று ஒரு சாராரும், மண்ணிலிருந்து எழுகிறது என்று மற்றொரு சாராரும் வாதிட்ட காலம் அது. பொருள் முதலில் காற்றைவிடக் குளிர்கிறது, அதன் பிறகே பனி படிகிறது, ஆகவே குளிர்ச்சி பனியின் விளைவு அன்று, அதற்கு முன்நிபந்தனை என்று வெல்ஸ் காட்டினார். 1814-இல் வெளிவந்த அவருடைய நூல், ராயல் சொசைட்டியின் ரம்ஃபோர்டு பதக்கத்தைப் பெற்றுத் தந்தது.

வானியலாளர் ஜான் ஹெர்ஷல், அறிவியல் எப்படிச் சிந்திக்க வேண்டும் என்பதற்கு இந்தப் பனி ஆராய்ச்சியையே மாதிரியாக எடுத்துக்காட்டினார். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தர்க்க நூலிலும் அது இடம்பெற்றது. அதே நூலில் மில் இன்னொன்றையும் வலியுறுத்துகிறார்: பேச்சு வழக்கில் ஏதோ ஒன்றைப் பொறுக்கியெடுத்து அதைக் காரணம் என்கிறோம், முறையாகப் பார்த்தால், இருக்கவேண்டியவையும் இல்லாமலிருக்க வேண்டியவையும் சேர்ந்த நிபந்தனைகளின் முழுத்தொகைதான் காரணம்.

தமிழ் வாசகருக்கு இந்தச் சிந்தனை அயலானது அன்று. மணிமேகலைக் காப்பியத்தின் இறுதிப் பகுதியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் தர்க்கம் கற்பிக்கிறார். ஏதுவும் எடுத்துக்காட்டும் எங்கே பிழைபோகும் என்று போலிகளை வரிசைப்படுத்துகிறார். அதையடுத்துப் பன்னிரு நிதானங்களை விளக்குகிறார். ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது, சார்பு அற்றால் அது அறுகிறது என்பதே அந்தப் போதனையின் சாரம். பௌத்தம் அதைப் பிறவித் துன்பத்தைப் பற்றிச் சொன்னது, மில் இயற்கையைப் பற்றிச் சொன்னார். நோக்கங்கள் வேறுதான். தனியாக நிற்கும் ஒரே ஒரு குற்றவாளியைத் தேடாதே என்பதில் மட்டும் இருவரும் ஒரு பக்கம் நிற்கிறார்கள்.

ஒற்றைக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் காற்றுத் துளைகளே சாட்சி. ஈரம் என்றால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். துளை வைத்தால் காய்ந்துவிடும். கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த எண்ணம் அமெரிக்கக் கட்டட விதிகளில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 150 சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அடித் துளை என்பது பரவலாக வழங்கிய அளவு. இல்லினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் வில்லியம் ரோஸ் இத்தகைய விதிகளின் வரலாற்றைத் துருவிப் பார்த்து, அவற்றுக்கு அடியில் இருந்த அறிவியல் ஆதாரம் மிக மெலிந்தது என்று எழுதினார். கணக்கும் அதையே சொல்கிறது. கோடையில் வெளிக்காற்றின் பனிநிலையே 25 டிகிரி என்றால், 23 டிகிரியில் இருக்கும் கிரால் ஸ்பேஸுக்குள் அதை அனுமதிப்பது ஈரத்தை விருந்துக்கு அழைப்பதாகும். உலர்த்துவதற்காக வைத்த துளை நனைக்கிறது. தரை மேலும் ஊறியதைப் பார்த்து, துளை போதவில்லை என்று இன்னும் இரண்டு வைத்தவர்களும் உண்டு. நல்ல எண்ணத்தில் அவர்களுக்குக் குறைவே இல்லை.

துளைகளை அடைத்தால் என்ன ஆகும் என்பது வட கரோலினாவின் பிரின்ஸ்வில் ஊரில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் டார் ஆற்றங்கரையில் உருவாக்கிய ஊர் அது. 1885-இல் நகரமாகப் பதிவு பெற்றது. 1999-இல் ஃபிளாய்டு சூறாவளியின் வெள்ளம் அதை மூழ்கடித்தது. பிறகு, ராலி நகரைச் சேர்ந்த அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற நிறுவனம் அங்கே பன்னிரண்டு வீடுகளை எடுத்துக்கொண்டது. நான்கில் வழக்கம்போல் துளைகள் இருந்தன. மற்ற எட்டில் துளைகளை அடைத்து, மண்ணைப் பாலித்தீன் விரிப்பால் முழுதும் மூடினார்கள். அடைத்த வீடுகளின் அடிப்பகுதி கோடையில் தெளிவாகவே உலர்வாக இருந்தது. சூடேற்றவும் குளிரூட்டவும் ஆன மின்செலவும் சராசரியாக 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. ஒரே மாதிரி வீடுகள், வேறுபட்டது அடிப்பகுதி. வெல்ஸின் பலகையும் கம்பளியும் இங்கே வீடுகளாக வளர்ந்து நின்றன.

இனி, பொறுப்பு பற்றிய கேள்வி. காரணம் பலவற்றின் கூட்டு என்றால் யாரையும் கேட்க முடியாதே என்று தோன்றலாம். ஒப்பந்தக்காரர்கள் இந்த வாதத்தை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள்: ஈரம் அவர் பக்கம், குளிர் இவர் பக்கம், என் பக்கம் விதிப்படி. இது ஏற்கத்தக்கது அன்று. குற்றமும் பொறுப்பும் ஒன்றல்ல. குற்றம் கடந்துபோன செயலைப் பார்க்கிறது, அதை ஒருவர் தலையில் கட்டத் துடிக்கிறது. பொறுப்போ இன்னும் நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறது. சேர்ந்து நிற்கும் நிபந்தனைகளில் ஒன்றையேனும் மாற்றக்கூடியவர் எவரோ, அவர் அந்த அளவுக்குப் பொறுப்பாளி. மாற்றும் வலிமை அதிகமானால் பொறுப்பும் அதிகம்.

இப்படிப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தெளிகிறது. வாடகைக்கு இருப்பவர் தெர்மோஸ்டாட்டை 20-லிருந்து 24 டிகிரிக்கு உயர்த்தலாம், அழுக்கடைந்த பில்டரை மாற்றலாம். அடைபட்ட பில்டர் காற்றோட்டத்தைக் குறைத்து டக்டை இன்னும் குளிரச் செய்யும். அவருடைய பொறுப்பு அதோடு நிற்கிறது. மெக்கானிக் இணைப்புகளை மாஸ்டிக் பசையால் அடைக்கலாம், கிழிந்த உறையை இடைவெளியில்லாமல் ஒட்டலாம். வீட்டுடைமையாளர் மண்ணின்மேல் விரிப்பு போடலாம், கூரைநீரைச் சுவரிலிருந்து விலக்கி விடலாம். விதி எழுதுகிறவர்களுடைய பங்கோ எல்லாவற்றிலும் பெரியது, ஏனென்றால் அவர்கள் மாற்றும் ஒரு வரி லட்சக்கணக்கான வீடுகளின் அடியில் நிபந்தனையை மாற்றுகிறது. பூஞ்சைக் காற்றை மூச்சில் இழுத்துக்கொண்டு அந்த இருட்டில் தவழ்கிற தொழிலாளிக்கும், மேலே இருமிக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் மாற்றும் வலிமை மிகக் குறைவு. விளைவைச் சுமப்பதில்தான் அவர்கள் முன்னால் நிற்கிறார்கள். பொறுப்பைப் பற்றிய எந்த விசாரணையும் இவர்களிடமிருந்தே தொடங்கவேண்டும்.

சார்ந்து தோன்றும் உலகில் தீர்வும் சார்பிலிருந்து தப்புவதில்லை. அடைத்த கிரால் ஸ்பேஸில் எரிவாயு ஹீட்டர் இருந்தால், அது எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே குழாய் வழியாகப் பெறவேண்டும். இல்லாவிட்டால் நச்சுப்புகை தேங்கும் ஆபத்து உண்டு. மண்ணிலிருந்து ரேடான் வாயு கசியும் பகுதிகளில் அதை வெளியேற்றத் தனி ஏற்பாடு தேவைப்படும். சுவரை மூடும் விரிப்பின் உச்சியில் சில அங்குலம் வெறுமனே விடவேண்டும், கறையான் ஏறுகிறதா என்று ஆய்வாளர் பார்ப்பதற்கு. அடைத்த பிறகும் உள்ளே ஓர் ஈரமானியை வைத்து, ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். தாண்டினால் டீஹியூமிடிஃபையர் ஓடுகிறது, அதன் வடிநீரை வெளியே கொண்டுபோக இன்னொரு குழாய் போடப்படுகிறது, அந்தக் குழாய் அடைபடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்படுகிறது.