எளிய உணவும் ஏழையின் உணவும்

ஹைதராபாதின் பேகம்பேட்டில் மெட்ரோ ரயில் ஏறிச் செகந்திராபாத் திசையில் செல்பவர், பிரகாஷ் நகரைக் கடந்து ரசூல்புராவை அடையச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சிறு தூரத்திற்குள் இருவேறு உலகங்களின் அடுப்புகள் எரிகின்றன. பேகம்பேட்டில், பெரிய ஓட்டல்களுக்குச் சமையற்கலைஞர்களை உருவாக்கும் 'கலினரி அகாடமி ஆஃப் இந்தியா' என்ற கல்விக்கூடம் இருக்கிறது. ரசூல்புராவின் குறுகிய சந்துகளிலோ, உறங்கும் அறையிலேயே அடுப்பையும் வைத்துக்கொண்டு வாழும் குடும்பங்கள் உள்ளன.

'இன்றிரவு சாதமும் பருப்பும் போதும்' என்ற சொற்கள் இவ்விரு இடங்களிலும் ஒலிக்கக்கூடும். வசதியான வீட்டில் அது மருத்துவரின் அறிவுரையாகவோ விரதத்தின் ஓர் அங்கமாகவோ இருக்கலாம். மற்றோர் இடத்தில் அது மாதக் கடைசியின் கட்டாயம். இரண்டு தட்டுகளிலும் இருப்பது அதே சாதம், அதே பருப்பு. அப்படியானால் இரண்டும் ஒரே அறமா? எளிய உணவை எல்லாச் சமயங்களும் போற்றுகின்றன. ஆனால், யார் யாரிடம் எளிமையைப் போதிக்கலாம் என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

ஒரு ராத்தல் தானியம்

இந்தக் கேள்விக்கு வரலாறு ஒரு கடுமையான பாடத்தை வைத்திருக்கிறது. 1867-ஆம் ஆண்டு ஹைதராபாதில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். அவர் இரக்கமற்றவர் அல்லர். 1874-இல் வங்கம், பீகார் பகுதிகளில் பஞ்சம் தலைகாட்டியபோது தாராளமாகத் தானியம் வரவழைத்து ஏராளமான உயிர்களைக் காத்தார். பாராட்டுக்குரிய அந்தச் செயலே, வீண்செலவு செய்தவர் என்ற பழியை அவருக்குத் தேடித் தந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டிய 1877-இல், இந்திய அரசின் பிரதிநிதியாக அவர் சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டார். இம்முறை சிக்கனமே அவருடைய நோக்கமாயிற்று. நிவாரணப் பணிகளில் உழைக்கும் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம், தானியம் வாங்கும் அளவும் அதற்கு மேல் சிறு காசும் கூலியாகப் போதும் என்று குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இந்த அளவு தானியம் போதாது, தானியம் மட்டுமே போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் வாதிட்டார். சில மாதங்களில் அந்தக் கூலி அளவு கைவிடப்பட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்திற்கும் அதிகமானோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது.

டெம்பிளின் பிழை கணக்குப் பிழை மட்டுமன்று. 'மனிதனுக்கு எவ்வளவு போதும்?' என்ற கேள்வி ஆழ்ந்த ஆன்மிகக் கேள்வி. அதை ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ளும்போது அது வைராக்கியத்தின் வாயில். அதே கேள்வியை, நிறைந்த வயிற்றுடன் பசித்தவனை நோக்கிக் கேட்கும்போது அது கொடுமையாக மாறிவிடுகிறது. கேள்வி ஒன்றே, அது எந்தத் திசையில் செல்கிறது என்பதைப் பொறுத்தே தவமாகவோ பாவமாகவோ ஆகிறது.

அணையாத அடுப்பு

டெம்பிள் ஹைதராபாதில் பதவி வகித்த அதே 1867-ஆம் ஆண்டு, மே 23-ஆம் நாள், வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் வழங்கிய நிலத்தில் அவர் மூட்டிய அடுப்பு அன்றிலிருந்து அணையாமல் எரிந்து வருகிறது. அங்கே பரிமாறப்படுவது விருந்தன்று. எளிய சோறும் குழம்பும்தான். ஆயினும் வந்தவர் தகுதியானவரா, என்ன சாதி, என்ன ஊர் என்ற விசாரணை அங்கு இல்லை. பசியே போதுமான தகுதி.

டெம்பிள் நிர்ணயித்த உணவும் எளியது. வள்ளலார் அளித்த உணவும் எளியது. முன்னது, குறைந்தபட்சம் எவ்வளவு கொடுத்தால் போதும் என்ற கணக்கில் பிறந்தது. பின்னது, இருப்பதை எத்தனை பேருடன் பகிரலாம் என்ற கருணையில் பிறந்தது. ஓர் உணவு மலிவானதா என்பதைச் சந்தை தீர்மானிக்கிறது. அது பிரசாதமா பிச்சையா என்பதைத் தருபவரின் மனமே தீர்மானிக்கிறது.

அண்மைக் காலத்திலும் இதைக் காண முடிந்தது. ஹைதராபாத் மாநகராட்சி 2014-இல் ஐந்து ரூபாய்க்கு மதிய உணவு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. உண்மையான செலவு அதைப்போல் பல மடங்கு. எஞ்சியதை மாநகராட்சி ஏற்றது. 2020-இல் ஊரடங்கால் கூலி வேலை அடியோடு நின்றபோது அந்த உணவு இலவசமாகவே வழங்கப்பட்டது. 2025-இல் 'இந்திரம்மா கேன்டீன்' என்ற பெயரில் காலைச் சிற்றுண்டியும் அதே ஐந்து ரூபாய்க்குச் சேர்க்கப்பட்டது. அந்த ஐந்து ரூபாய் சிறு தொகைதான். ஆனால் அதைக் கொடுத்து உண்பவர் தலைகுனிய வேண்டியதில்லை. உணவோடு மானத்தையும் பரிமாறுவது எப்படி என்பதை அந்தச் சிறு நாணயம் கற்பிக்கிறது.

குறைவிலும் சிரத்தை

அப்படியெனில் எளிய சமையலுக்கு வறியவர் வாழ்வில் மதிப்பே இல்லையா? நிச்சயமாக உண்டு. மக்கள் தம் துன்ப காலத்திலேயே தமக்காகக் கண்டறிந்த அறிவு அது; மேலிருந்து சுமத்தப்பட்டதன்று.

தெலங்கானா இல்லங்களில் 'பச்சி புலுசு' என்றொரு குழம்பு உண்டு. புளியைக் கரைத்து, வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, சிறிது வெல்லம் சேர்த்துக் கையால் பிசைந்தால் போதும். குழம்பைக் கொதிக்க வைக்க வேண்டியதே இல்லை. விறகோ எரிவாயுவோ மிச்சம். கோடைக்கும் அது இதம். கீரையைப் பருப்போடு சேர்த்து வேகவைக்கும் வழக்கமும் அத்தகையதே. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற சத்து பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இதை விஞ்ஞானம் விளக்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் பாட்டிமார் இவ்விரண்டையும் ஒரே தட்டில் சேர்த்துவிட்டனர். பருப்பை முன்கூட்டியே ஊறவைப்பதும், எஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி மறுநாள் பழைய சோறாக்குவதும் அதே விவேகத்தின் பகுதிகள்.

சோள ரொட்டியின் கதை இன்னும் சிந்திக்கத்தக்கது. 'ஜொன்ன ரொட்டெ' ஒரு காலத்தில் அந்நிலத்து உழைப்பாளிகளின் அன்றாட உணவு. அரிசி கௌரவத்தின் அடையாளமானபோது, சோளம் ஏழையின் தானியம் என்று ஒதுக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இன்று நகரத்து வசதியானவர்கள் அதே ரொட்டியை உடல்நலத்திற்காகத் தேடி உண்கின்றனர். தானியம் மாறவில்லை. அதை உண்பவருக்கு வேறொன்றை உண்ணும் உரிமை இருக்கிறதா என்பதே மாறியது. விட்டுவிட முடிந்ததை விடுவதே தியாகம். கிடைக்காததை இழந்து நிற்பவரைத் தியாகி என்று புகழ்வது அவருடைய துன்பத்திற்கு அலங்காரம் செய்வதாகும்.

கடைசியில் உண்பவர்

இந்த வேறுபாடு ஊருக்கு மட்டுமன்று, ஒவ்வொரு வீட்டிற்கும் பொருந்தும். வருமானம் குறைந்த மாதத்தில் குடும்பம் சிக்கனமாகிறது. ஆனால் அந்தச் சிக்கனம் எல்லாத் தட்டுகளிலும் சமமாக விழுகிறதா? கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, 'எனக்குப் பசியில்லை' என்று சொல்லிப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியதை வழித்து உண்ணும் தாயை அறியாதவர் யார்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இதற்குக் காரணங்கள் பல. போதிய சத்துணவு இன்மை அவற்றுள் முக்கியமானது.

அந்தத் தாயின் அன்பு வணக்கத்திற்குரியது. எனினும் அந்த அன்பைப் புகழ்ந்து பாடிவிட்டுத் தட்டை நிரப்பிக்கொள்பவரின் எளிமை எளிமையன்று. அடக்கம் முழுவதும் ஒருவருடைய வயிற்றில் மட்டும் நிகழ்ந்தால், மற்றவர்கள் கடைப்பிடிப்பது சிக்கனமே அன்றி அறமாகாது. எல்லோரும் ஒன்றாக அமர்ந்து, இருக்கும் கூழைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில்தான் வறுமையும் ஒரு சாதனையாக மாறுகிறது.

தைத்திரீய உபநிஷதத்தின் பிருகுவல்லி இங்கு நினைவுகூரத்தக்கது. பிரம்மத்தைத் தேடிய பிருகு முதலில் அன்னத்தையே பிரம்மமாகக் கண்டார். பின் பிராணன், மனம், விஞ்ஞானம் எனப் படிப்படியாக உயர்ந்து ஆனந்தத்தை எய்தினார். உபநிஷதம் அத்துடன் முடிந்துவிடவில்லை. உச்சியைத் தொட்ட பின்னும் மீண்டும் அன்னத்திற்கே திரும்பி, அதை இகழாதிருத்தல், பெருக்குதல், வீடு தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதிருத்தல் ஆகியவற்றை விரதங்களாக விதிக்கிறது. ஆனந்தத்தை அறிந்தவருக்கும் பிறர் பசி ஒரு பொருட்டாகவே இருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

ஆகவே எளிய உணவை உண்ண அமரும் சாதகர் தம்மிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த எளிமையை ஏற்றது நானா, அல்லது என் பொருட்டு வேறொருவரா? இதனால் மிஞ்சியது யாருடைய தட்டைச் சென்றடைகிறது? பிறருக்குப் போதும் என்று நான் அளந்து வைத்த உணவை நானும் மனநிறைவுடன் உண்பேனா?

மூன்றாம் கேள்விக்குத் தயக்கமின்றி 'ஆம்' என்று சொல்ல முடிந்தவரே, 'சாதமும் பருப்பும் போதும்' என்று மற்றொருவரிடம் சொல்லும் தகுதி பெறுகிறார். அந்தத் தகுதி வந்த பிறகு அவர் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. இன்னொரு தட்டை எடுத்து வைக்கிறார்.