250 பவுண்டும் சில மில்லிமீட்டரும்

1996இல் இங்கிலாந்தின் ரான் சாம்பியன் ஒரு கையேடு எழுதினார். 250 பவுண்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பே ஆசை காட்டியது. பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் எஞ்சின், கியர்பாக்ஸ்; சதுர இரும்புக் குழாயில் சேசிஸ். சாயல், 1957இல் வந்த லோட்டஸ் செவன்.

கட்டியவர்கள் பலருக்குச் செலவு பல மடங்கு ஆனது. வரைபட அளவுகளிலும் பிழைகள். கட்டியவர்களே கண்டுபிடித்துத் திருத்தினார்கள்.

இரண்டும் ஒரே தப்பா? எனக்கு அப்படித் தோணல. விலையை நம்பினால் பணம்தான் போகும். (உண்மைச் செலவை அட்டையில் போட்டிருந்தால் எத்தனை பேர் முதல் குழாயை அறுத்திருப்பார்கள்?) அளவு வேறு. சஸ்பென்ஷன் பிராக்கெட் சில மில்லிமீட்டர் தள்ளிப்போனால், வளைவில் அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது எழுதியவர் இல்லை.

கூலாயில் நானும் ஹாஃப்கட் எஞ்சின் ஒன்றை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தம்பிகளுக்காகக் குறிப்பும் எழுதுகிறேன். ஜேபிஜே அனுமதி இல்லாமல் சாலையில் இறக்கக்கூடாது என்பது அதன் முதல் வரி. "ஓட்டியே பார்க்காத வண்டிக்குக் கையேடாடா?" என்றார் பட்டறை அண்ணன். எழுதலாம்ண்ணே. முடித்தபின் எழுதினால் எல்லாமே நேராக நடந்த மாதிரி ஆகிவிடும். ஆனால் சோதிக்காத ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் 'இன்னும் சோதிக்கவில்லை' என்று இருக்கணும். இப்போதைக்கு 11 இடத்தில் இருக்கிறது. பின் பிரேக் அதில் ஒன்று.