வேன் வராத நாள்

விடியுமுன் முதல் ஹாரன். திண்ணையில் படுத்தபடியே கேட்கிறேன். வாசல் வாசலாக விளக்கு எரிகிறது. தூக்குச் சட்டி மூடும் சத்தம், “யக்கா, வண்டி வந்துருச்சு” என்றொரு குரல். வேன் போனதும் தெருவுக்குத் திடீரென்று வயதாகிவிடுகிறது. கிழவிகள், கைப்பிள்ளைகள், ஆடுகள்.

பட்டாசு ஆலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. ஆபீஸ். “அம்மா எங்கே?” என்றால் “ஆபீசுக்கு” என்கிறது பிள்ளை. தீப்பெட்டிக் காலத்திலிருந்தே அப்படித்தான். அதில் கேலி ஏதுமில்லை என்று எனக்குப் புரியச் சில வருஷம் ஆனது.

*

விஜயகரிசல்குளம், வெம்பக்கோட்டைக்குப் பக்கம். தெற்கே வைப்பாறு. கரிசலும் குளமும் ஊர்ப் பெயரிலேயே இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நல்ல மழை பெய்யும். அந்த ஈரத்தை மண் எத்தனை நாள் பிடித்து வைக்கும் என்கிற கணக்குதான் மற்ற மாதங்களின் விவசாயம். பருத்தி, மக்காச்சோளம், கம்பு, உளுந்து. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். பிள்ளைகள் கையை விட்டு ஆழம் பார்ப்பார்கள். உழாமல் விட்ட காட்டில் வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பதும் ஒரு பிழைப்பு.

1923இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். குச்சி காய வேண்டும், பசை காய வேண்டும், மருந்து காய வேண்டும். காய வைப்பதற்கு இந்த ஊர் வெயிலுக்கு ஈடு ஏது? பயிரைக் கருக்கிய அதே வெயில் கூலி கொடுக்க ஆரம்பித்தது, முதலில் தீப்பெட்டிக்கு, பிறகு பட்டாசுக்கு.

*

அதனால் ஒரே வீட்டில் இரண்டு வேண்டுதல். சின்னய்யா மானாவாரிக்காரர், மேற்கே கருக்கல் கட்டினால் வாசலுக்கு வந்து நின்றுகொள்வார். சின்னம்மா அதே மேகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். வெயில் இல்லாவிட்டால் மருந்து காயாது. இடி மின்னல் என்றால் வேலையை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும். கூலி எண்ணிக்கைக்குத்தான், செய்யாத உருப்படிக்குக் காசு இல்லை.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருவரும் சேர்ந்தே இருக்கன்குடி போகிறார்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் நெருங்கி வந்து கூடுகிற இடத்தில் மாரியம்மன். மாரி என்றாலே மழைதான். வருஷத்தில் பாதி நாள் இரண்டு ஆறும் வெறும் மணல். அவளிடம் என்ன கேட்பீர்கள் என்று சின்னம்மாவிடம் கேட்டேன்.

“நான் என்னய்யா கேக்குறது. எப்பப் பெய்யணும்னு அவளுக்குத் தெரியாதா?”

*

மத்தியானம் உச்சிமேட்டுக்கு நடந்தேன். 2022 மார்ச்சில் தொல்லியல் துறை இங்கே தோண்ட ஆரம்பித்தது. 2023, 2024இலும் தொடர்ந்தது. சதுரம் சதுரமாகக் குழிகள். கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள், திமில் வைத்த காளை, அறுத்த சங்கு வளையல்கள், அறுக்காமல் பாதியில் விட்ட சங்குகள். கடலிலிருந்து சங்கு கொண்டுவந்து இங்கே உட்கார்ந்து அறுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் எண்ணிக்கைக் கூலிதானோ என்னவோ.

எனக்கு மனசில் நின்றது வட்டச் சில்லுதான். உடைந்த பானை ஓட்டை ஓரம் தேய்த்து வட்டமாக்கியது. பாண்டி ஆடுகிற எந்தப் பிள்ளையிடம் கொடுத்தாலும் அடுத்த கட்டத்தில் எறிந்துவிட்டு நொண்டியடிக்கத் தொடங்கும்.

*

ஊரில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்மல். ஆபீஸில் இதற்கு நேர் எதிர். பொட்டல் காட்டில் ஒற்றை ஒற்றை அறைகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே சட்டம் சொன்ன இடைவெளி. எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று அறைக்கு அறை எழுதிப் போட்டிருக்க வேண்டும். மருந்து செலுத்தும் அறைக்கு நாலு பேர், அதற்கு மேல் கூடாது. தெருவில் தோளோடு தோள் இடித்துக் கதை பேசுகிறவர்கள், பகல் முழுக்க அளந்த தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தத் தூரத்தை ஊர்க்காரர்களால் எப்போதும் காக்க முடிந்ததில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்தது. சுமார் 40 பேர் போனார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்லர். முதல் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்திலிருந்து ஓடிப் போனவர்கள். இதைப் பற்றிப் பேசும்போது ‘வேடிக்கை பார்க்கப் போய்’ என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அந்த வார்த்தை பிடிப்பதில்லை. சுவரோடு சுவராக வாழ்ந்தவனுக்குச் சத்தம் கேட்ட திசையில்தான் கால் போகும்.

இன்றும் பகலில் தூரத்தில் ‘டம்’ என்று கேட்டால் தெருவில் கிழவிகளின் கை நின்றுவிடும். முறத்தில் அரிசி அப்படியே இருக்கும். கல்குவாரி என்று யாராவது சொன்ன பிறகுதான் முறம் மறுபடி அசையும்.

*

ராத்திரி மழை. மின்னலில் ஓட்டுச் சந்தெல்லாம் வெளிச்சம்.

காலையில் ஹாரன் இல்லை. யாரும் யாரையும் எழுப்பவில்லை. விடிந்து வெகு நேரம் கழித்துப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, இந்தத் தெருவைப் பகலில் பார்த்தே பல நாள் ஆனதுபோல நிற்கிறார்கள். இரண்டு வீட்டுத் திண்ணையில் தாயம் தொடங்கிவிட்டது. ஒருத்தி பேன் பார்க்கிறாள். ஒருத்தி இன்றைக்குப் போன கூலியை விரல்விட்டு எண்ணுகிறாள். சேறாய்க் கிடப்பதால் பிள்ளைகளுக்குப் பாண்டிக் கட்டம் போட இடமில்லை.

பத்து மணி வாக்கில் சின்னய்யா கால் முட்டி வரை கரிசல் அப்பிக்கொண்டு வந்தார். “கம்மாய்க்குத் தண்ணி வருது” என்றார். தாயக்கட்டையைப் போட்டது போட்டபடி தெருவே எழுந்து போனது. ஓடையில் நுரையும் சருகும் சுமந்து பழுப்பாக நீர் நுழைந்துகொண்டிருந்தது. யாரும் அதிகம் பேசவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது சின்னம்மா ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள்.

“நாளைக்கு வெறிச்சிரும்” என்றாள். தூக்குச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.