கூரையும் கீரையும்

உணவு, உடை, உறையுள் என மாந்தர்க்கு இன்றியமையாதவை மூன்று என்பர். இம்மூன்றையும் நாம் பிறர் கையிலிருந்தே பெறுகின்றோம். அரிசி கடையிலிருந்து வருகின்றது. துணியை ஆலை நெய்கின்றது. வீட்டைக் கொத்தனார் கட்டித் தருகின்றார். திங்கள்தோறும் ஊதியம் பெற்று இவற்றை விலைக்கு வாங்கும் நாம், அதனையே தன்காலில் நிற்றல் என்று சொல்லிக்கொள்கின்றோம். ஒருநாள் கடையும் இல்லை, ஊதியமும் இல்லை, சுற்றிலும் காடு மட்டுமே உண்டு என்னும் நிலை வந்தால் நாம் எத்தனை நாள் உயிர் வாழ்வோம்?

இக்கேள்வி வெறுங்கற்பனை அன்று. இன்று பல நாடுகளில் நகரத்து மக்கள் பணம் கட்டி இதனைப் பயில்கின்றனர். கிளையும் சருகும் கொண்டு குடில் அமைக்கவும், கீரையும் கிழங்கும் தேடி உண்ணவும் கற்கின்றனர். கற்று முடித்தபின், "இனி எனக்கு எவர் துணையும் வேண்டா" என்று பெருமிதம் கொள்வாரும் உளர். அப்பெருமிதம் முறையானதா? எவர் துணையும் இன்றி வாழும் ஆற்றல் என்று ஒன்று உண்டா? உண்டெனில் அஃது அறத்தின்பாற்படுமா? கோலார் தங்கவயலை மனத்தில் கொண்டு இதனை எண்ணிப் பார்ப்போம். ஏனெனில், அங்குக் குடியேறிய நம் முன்னோர் இக்கலையை விளையாட்டாகக் கற்றவர் அல்லர். பிழைக்க வந்த இடத்தில் பிழைப்பதற்காகக் கற்றவர்கள்.

முதலில் இக்கலையின் இயல்பைக் காண்போம். காட்டில் வழி தவறியவன் முதலில் தேட வேண்டியது உணவன்று. உணவின்றி மனிதன் சில வாரங்கள் உயிரோடு இருத்தல் கூடும். நீரின்றிச் சில நாட்களே இருக்க இயலும். குளிர்ந்த மழையில் நனைந்து கிடந்தாலோ ஓர் இரவே அவனை முடித்துவிடும். ஆதலின் உறையுளே முதற்கடமை. இடத்தைத் தேர்வதில் பாதி வெற்றி அடங்கியிருக்கின்றது. வறண்ட ஓடையின் படுகையில் படுத்தல் ஆகாது; மேலே மழை பெய்தால் இரவில் வெள்ளம் வரும். பட்டுப்போன கிளையின் கீழும் ஆகாது. காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி, நீண்ட கழி ஒன்றைச் சாய்த்து, அதன் இருபுறமும் குச்சிகளை விலா எலும்புகள் போல் நிறுத்தித் தழை வேய வேண்டும். வேய்வது கீழிருந்து மேலாக. மேல் அடுக்கின் நுனி கீழ் அடுக்கின் தலையை மூடினால்தான் நீர் உள்ளே இறங்காது வழியும். நாட்டு ஓட்டுக்கும் தென்னங்கீற்றுக்கும் உரிய விதி இதுவே. குடில் பெரிதாக இருத்தலும் கூடாது. உள்ளிடம் சிறிதாயின் உடலின் வெம்மையே அதனை வெதுவெதுப்பாக்கும். மேலே உள்ள கூரையைவிடக் கீழே பரப்பும் சருகுக்குக் கனம் வேண்டும். உறங்குவோனின் வெம்மையை மண் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் என்பதால்.

இவ்விதிகளை அறிந்த ஒருவன் தனியாகவே வாழ்ந்துவிடலாம் போலத் தோன்றும். தனித்து வாழ்ந்தோர் என்று உலகம் போற்றும் இருவர் வாழ்வைப் பார்ப்போம். அலெக்சாண்டர் செல்கிர்க் என்னும் ஸ்காட்லாந்து மாலுமி, 1704-ஆம் ஆண்டில் தென் பசிபிக் கடலின் ஆளற்ற தீவொன்றில் விடப்பட்டான். நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியே வாழ்ந்து 1709-இல் மீட்கப்பட்டான். 1719-இல் வெளிவந்த ராபின்சன் குரூசோ கதைக்கு அவன் வாழ்வும் ஒரு தூண்டுதல் என்பர். அவன் தன் கையாலேயே இரண்டு குடில்கள் கட்டினான். ஆயின் அவன் உண்டவை யாவை? முன்பு அத்தீவுக்கு வந்த கடலோடிகள் விட்டுச் சென்ற ஆடுகளின் வழிவந்த ஆடுகள். அவனுக்கு முன் வந்த மாலுமிகள் விதைத்துப் பரவிய முள்ளங்கி இனக் கிழங்குகள். ஆள் தனியன்; அவன் இலையில் விழுந்த உணவோ பிறர் இட்டது.

மற்றொருவர் அமெரிக்க அறிஞர் தோரோ. 1845-இல் வால்டன் குளக்கரையில் சிறு குடில் ஒன்றைத் தம் கையால் கட்டி எளிய வாழ்வு வாழ்ந்தவர். காந்தியடிகள் மதித்த சிந்தனையாளர். குடில் கட்டிய நிலம் நண்பர் எமர்சனுடையது. மரம் வெட்டிய கோடரி இரவல் வாங்கியது. சுவருக்கான பலகைகளோ, இருப்புப்பாதை வேலைக்கு வந்த அயர்லாந்துத் தொழிலாளி ஒருவரின் குடிசையை விலைக்கு வாங்கிப் பிரித்து எடுத்தவை. இவற்றை மறைக்காமல் அவரே எழுதியிருப்பது அவருடைய பெருமை. எனினும் நம் நெஞ்சம் அந்தத் தொழிலாளியிடத்தே நின்றுவிடுகின்றது. புலம்பெயர்ந்து வந்து, மூட்டை முடிச்சோடு மனைவி மக்களை அழைத்துக்கொண்டு அவர் வெளியேறினார். அதே பலகைகள் ஒருவருக்கு எளிமையைக் கற்பித்த ஆசான். மற்றவருக்கு அவையே வீடு. ஒருவர் விரும்பி ஏற்ற வறுமைக்கு உலகம் தத்துவம் என்று பெயர் வைத்தது. விதியால் வந்த வறுமைக்கு அது பெயரே வைக்கவில்லை.

இங்கிருந்து கோலாருக்கு நெடுந்தொலைவு இல்லை. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கத் தொழிலை மேற்கொண்டபின், வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தனர். பஞ்சமும், அதனினும் கொடிய சாதி ஒடுக்குமுறையும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. வந்த இடம் பாறையும் முட்புதருமான மேட்டுநிலம். மார்கழி, தை மாதங்களில் குளிர் எலும்பைத் தொடும். அவர்களுக்கு வாய்த்த உறையுள் தட்டி வீடு. மூங்கிலைப் பிளந்து முடைந்த தட்டிகளே சுவர். தங்கவயலில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் 'தட்டி வீடு' என்று சொல்லும்போது அச்சொல்லில் துயரமும் உரிமையும் கலந்து ஒலிக்கக் கேட்கலாம். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தனர். இந்தியாவிலேயே முன்னோடியான அப்பெருமுயற்சி எந்திரங்களுக்காகவும் சுரங்கத்திற்காகவும் நடந்தது. ஆழத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கிப் பொன்னை வெட்டியவர்கள், மேலே மூங்கில் தட்டிக்குள் உறங்கினார்கள்.

கூரைக்கு அடுத்தது கீரை. கோலார் வட்டாரத்துக் கன்னட மக்களிடம் 'பெரகெ சொப்பு' என்று ஓர் உணவு வழக்கம் உண்டு. பெரகெ என்றால் கலப்பு; சொப்பு என்றால் கீரை. மழை பெய்தபின் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் தாமே முளைத்தவற்றைப் பறித்து, ஒன்றாகக் கலந்து, பருப்போடு வேகவைத்துக் கடைந்து, ராகிக்களிக்குத் தொட்டுக்கொள்வர். குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, கோவை, முடக்கத்தான், மூக்கிரட்டை என நம் நாட்டுப்புறமும் இவற்றை நன்கு அறியும். ஆயினும் புதிய நிலத்தில் எச்செடி எப்பருவத்தில் எங்கே தலைகாட்டும் என்பதை அந்நிலத்து மக்களே அறிவர். பிழைக்க வந்தோர் மண்ணின் மொழியைக் கற்பதற்கு முன் மண்ணின் கீரையைக் கற்கின்றனர்.  புதரில் பழுக்கும் சீத்தாப்பழமும், வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இம்மண்ணில் வேர்விட்டவை என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். வந்தேறிகள் நாம் மட்டும் அல்லோம்.

இனி நம் கேள்விக்கு வருவோம். உண்ணத்தகும் செடி எது என்று ஒருவன் தானே கண்டுபிடிக்க இயலுமா? கண்ணைக் கவரும் செங்காந்தளின் கிழங்கு உயிரைக் கொல்லும். குன்றிமணியின் பருப்பு கடும் நஞ்சு. ஊமத்தை அறிவைக் கலக்கும். இவற்றைத் தனியொருவன் தின்று பார்த்துத் தெரிந்துகொள்ளப் புகுந்தால், தெரிந்துகொண்டதைச் சொல்ல அவன் இருக்கமாட்டான். 'இது ஆகும், இது ஆகாது' என்று பாட்டி சொல்லும் நான்கு சொற்களுக்குப் பின்னால், பெயர் தெரியாத எத்தனையோ மனிதர்களின் வயிற்றுவலியும் மரணமும் உள்ளன. ஆகவே காட்டறிவு என்பது தனிமனிதனின் தேட்டம் அன்று. ஊரார் சேர்த்து வைத்த முதல். அதனைத் தன் உடைமை என்பவன், வாங்கிய கடனை வரவில் எழுதிக்கொள்பவன்.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று இதனை நன்கு விளக்கும். 2023-ஆம் ஆண்டு மே முதல் நாள், தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் சிறு விமானம் ஒன்று அமேசான் காட்டில் விழுந்தது. பெரியவர் மூவரும் இறந்தனர். பழங்குடிக் குழந்தைகள் நால்வர் மட்டும் தப்பினர். மூத்தவள் பதின்மூன்று வயதுச் சிறுமி, கடைக்குட்டி கைக்குழந்தை. நாற்பது நாட்களுக்குப்பின், ஜூன் 9-ஆம் நாள், நால்வரும் உயிரோடு மீட்கப்பட்டபோது உலகமே வியந்தது. விமானத்தில் இருந்த மரவள்ளி மாவை முதலில் உண்டனர். அது தீர்ந்தபின் காட்டுக் கனிகளையும் விதைகளையும் தேடி உண்டனர். தழைகளால் மறைவிடம் அமைத்தனர். எவற்றை உண்ணலாம் என்பதைப் பாட்டி முன்பே அவர்களுக்குக் கற்பித்திருந்தார். காட்டில் நால்வர் இருந்தனர் எனக் கணக்குச் சொல்வது முழுமையன்று. ஐந்தாமவராக அம்மூதாட்டியும் இருந்தார். நம் வீட்டுப் பிள்ளைகளின் உள்ளத்தில் அவ்வாறு உடன்வரும் பாட்டி இருக்கின்றாரா?

பல இல்லங்களில் இல்லை. காரணம் நேரமின்மை மட்டும் அன்று. நாணமும் ஒரு காரணம். நம் இலக்கியமே இதன் இரு முகங்களையும் காட்டுகின்றது. மூவேந்தர் முற்றுகையிட்டபோதும் பாரியின் பறம்புமலை வளம் குன்றவில்லை. மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என உழாமலே கிடைக்கும் நான்கு அங்கு உண்டு என்று புறநானூற்றில் கபிலர் பெருமிதம் கொள்கின்றார். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் வறியவளோ, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் கண்டு பழிப்பரே என்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கின்றாள். இரண்டும் உழாத நிலம் தந்த உணவே. ஒன்று கோட்டையின் பெருமை. மற்றொன்று அடைத்த கதவின் நாணம். கீரையில் வேற்றுமை இல்லை. காண்பவர் கண்ணில்தான் உள்ளது. இன்று நகரத்து இளைஞர் பணம் கட்டிப் பறிக்கும் கீரை வீரச்செயல் ஆகின்றது. ஆயா மடியில் கட்டிவந்த அதே கீரை ஏழ்மையின் அடையாளம் ஆகின்றது. இவ்வேற்றுமையே களைய வேண்டிய களை.

ஆனால் ஒன்றை மறத்தல் கூடாது. ஏழையின் திறமையைப் புகழ்வது, அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாது விடுவதற்குச் சாக்கு ஆகிவிடக் கூடாது. "தட்டிக்குள்ளும் வாழத் தெரிந்தவர்கள்" என்று பாராட்டுவது எளிது. சுவரும் ஓடும் கட்டித் தருவது செலவு. குடில் கட்டத் தெரிந்தவனுக்கும் வீடு உரிமையே. கீரை அறிந்தவளுக்கும் நிறைந்த ஊதியம் உரிமையே. இவ்வறிவு வேண்டுவது இடுக்கண் வந்தால் கைகொடுப்பதற்கும், மண்ணோடு உறவு அறாதிருப்பதற்கும். வறுமையை அழகாக்குவதற்கு அன்று.

மண்ணுக்கும் நமக்கு ஒரு கடமை உண்டு. மலைவாழ் மக்கள் காட்டுவள்ளியைத் தோண்டும்போது, கொடியோடு கூடிய தலைப்பகுதியை மீண்டும் மண்ணில் புதைத்துவிட்டுச் செல்லும் வழக்கம் உண்டு. அடுத்த மழைக்கு அடுத்தவர்க்கு அது வேண்டும். தங்கவயலில் நடந்தது இதற்கு நேர்மாறானது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் பொன் வெளியே சென்றது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. எஞ்சியவை சயனைடு கலந்து அரைத்த மண்மேடுகள். 3 கோடி டன்னுக்கு மேற்பட்டவை. காற்றடிக்கும் காலத்தில் அத்தூள் ஊரெங்கும் பறக்கின்றது. அம்மேட்டின் ஓரத்தில் முளைத்த கீரையை, அது எத்துணைப் பசுமையாயினும், அறிந்தவர் பறிக்கமாட்டார். கீரை தேடி உண்ணும் அறிவு பயன்பட வேண்டுமானால், நமக்கு முன் வந்தவர் மண்ணைக் கெடுக்காமல் விட்டிருக்க வேண்டும். நமக்குப் பின் வருவோர் நம்மைக் குறித்தும் இதையே கேட்பர்.

சுரங்கம் மூடியபின் வேலை தேடி நாள்தோறும் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறுகின்ற குடும்பங்கள் பல. நம்முள்ளும் எத்தனையோ பேர் பிழைப்புக்காக ஊர் மாறி, மொழி மாறி வந்தவர்கள்தாம். கடல் கடந்த பிள்ளைகளுக்கும் அங்குள்ள மண் புதிது. எந்த நிலத்தில் இறங்கினாலும், அங்கு முன்பே வாழ்வோரிடம் பணிவோடு கேட்டுக் கற்று, எடுத்ததில் ஒரு பங்கை மண்ணிலேயே விட்டு வைப்பவன் எங்கும் அயலான் ஆகான்.

இவ்வாண்டு முதல் மழை பெய்து பத்து நாட்கள் ஆனபின், வீட்டுப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஊர்ப்புறத்து வரப்புக்குச் செல்லுங்கள். அவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் பறிக்கட்டும். அன்று சமைக்கும் கீரையைக் கதவைத் திறந்து வைத்தே உண்போம்.