பிள்ளைப் பருவம் யார் தந்தது?

பிள்ளைப் பருவம் இயற்கையின் கொடை என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அரும்பு மலராகிறது, கன்று காளையாகிறது, குழந்தை ஆளாகிறது. இதிலே சமுதாயத்துக்கு என்ன வேலை என்பர். பல் விழுவதும் மீசை அரும்புவதும் இயற்கையே, மறுப்பார் இல்லை. ஆனால் எந்த வயதுவரை ஒருவன் ஏட்டைச் சுமக்கலாம், எந்த வயதிலே மூட்டையைச் சுமக்க வேண்டும் என்று வகுத்தது இயற்கையா?

சட்டப் புத்தகத்தைப் புரட்டுவோம். 1881ஆம் ஆண்டு வெள்ளையர் ஆட்சி இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயது நிரம்பாதவரை ஆலையில் அமர்த்தலாகாது என்றது. ஏழு நிரம்பிவிட்டால்? நாள்தோறும் ஒன்பது மணி நேரம் உழைக்கலாம்! 1891இல் அந்த எல்லை 9 வயதாயிற்று; 1922இல் 12; 1948இல் 14. இடைப்பட்ட 67 ஆண்டுகளில் இந்நாட்டுப் பிள்ளைகளின் எலும்பை இயற்கை இளக்கிவிட்டதா? மணவயதும் அப்படித்தான். பெண்ணுக்கு 1929இல் 14, 1949இல் 15, 1978இல் 18. பிள்ளை மாறவில்லை, பிள்ளையைப் பார்த்த கண் மாறிற்று.

பிலிப் ஆரியே என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1960இல் ஒரு நூல் எழுதினார். இடைக்கால ஐரோப்பாவில் பிள்ளைப் பருவம் என்று தனியாக ஒன்று கருதப்படவில்லை, தாயின் மடியை விட்டு இறங்கியதும் சிறுவன் பெரியவர் கூட்டத்தில் கலந்துவிட்டான் என்பது அவர் துணிபு. பின்வந்தோர் மறுத்தார்கள், அந்நாளைய பெற்றோரும் பிள்ளைக்காக அழுதார்கள், மகிழ்ந்தார்கள் என்று நாட்குறிப்புகளை எடுத்துக் காட்டினார்கள். இரு தரப்பிலும் உண்மை உண்டு என்பதே நம் எண்ணம். அன்பு என்றும் இருந்தது. ஆனால் அன்பு வேறு, உரிமை வேறு. பெற்றவள் நெஞ்சிலே பிள்ளையாய் இருப்பவன் ஊரார் கணக்கிலே கூலியாளாய் இருக்கக்கூடும்.

"ஐரோப்பாவுக்கு அது பொருந்தலாம், தமிழனோ பிள்ளைத்தமிழ் பாடியவனாயிற்றே!" என்பர் புலவர் பெருமக்கள். உண்மைதான். செங்கீரை ஆடுவது, சப்பாணி கொட்டுவது, அம்புலியை அழைப்பது என்று மழலையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாய்ப் பகுத்துப் பாடிய மொழி நம் மொழி. ஆனால் யாருடைய மழலை? பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடியது குலோத்துங்கச் சோழனை. பின்னர் முருகன் வந்தான், மீனாட்சி வந்தாள். இக்காலத்தில் தலைவர்களுக்கும் பாடுகிறார்கள். சேற்றிலே நாற்று நட்டவளின் பிள்ளை வரப்பிலே தவழ்ந்ததே, அது எந்தப் பருவத்தில் அடங்கும்?

பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பையனுக்குச் சேரியின் அறுபது வயது முதியவர் "சின்ன ஐயா" என்று கைகட்டி நின்றார். பையனோ அந்த முதியவரை "டேய்" என்றான். முதியவரின் பேரனுக்கும் பத்து வயதுதான்; அவன் மாட்டுக்குப் பின்னால் ஓடினான். ஒரே ஊர், ஒரே வயது. ஒருவன் பிள்ளையாகவே பெரியவனானான். ஒருவன் பிள்ளையாகாமலே ஆளானான். கிழவரோ கடைசிவரை 'பயல்'. வயதை எண்ணியது நாட்காட்டி அல்ல, சாதி!

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகள் கிடைத்தன. ஏறத்தாழ 12,000 ஆண்டுப் பழமை உடையவை என்றனர். அந்தக் கல்லைச் செதுக்கிய கை எத்தனை வயதுக் கை என்று கல் சொல்லாது. தந்தை செதுக்கினான், மகன் பார்த்துக் கற்றான் என்று கொள்ளலாம். குலக்கல்விக்காக வழக்காடியவர்களும் இதைத்தானே சொன்னார்கள்! 1953இல் இராசாசி ஆட்சி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளில் மூன்று மணி நேரமே பள்ளி என்றது. மிச்ச நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. நகரத்துப் பள்ளிகளுக்கு அல்ல, வடக்குப்பட்டு போன்ற சிற்றூர்களுக்கு! தந்தையிடம் மகன் கற்பதில் என்ன தீது என்று கேட்டனர். கல்லைச் செதுக்கிய கூட்டத்தில் எல்லார் மகனும் ஒரே தொழிலைக் கற்றான். சாதி வகுத்த ஊரிலோ செருப்புத் தைப்பவன் மகன் செருப்பையும், அதிகாரி மகன் அதிகாரத்தையும் கற்பான். நாடு கொதித்தது, 1954இல் காமராசர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. அன்று காக்கப்பட்டது இரண்டு மணி நேரப் பாடம் மட்டுமன்று. தந்தையின் தொடர்ச்சியாக அல்லாமல் தனியொரு மனிதனாக எண்ணப்படும் உரிமை சிற்றூர்ப் பிள்ளைக்கும் உண்டு என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

இங்கே இளைஞர் சிலர் ஓர் ஐயம் எழுப்புகின்றனர். பிள்ளைப் பருவம் மனிதன் செய்த ஏற்பாடு என்றால் அது பொய்தானே, அதற்காக ஏன் போராட வேண்டும் என்று. நன்று! வாக்குரிமை எந்த மரத்தில் காய்த்தது? எட்டு மணி நேர வேலையை எந்த ஆறு அடித்துக்கொண்டு வந்தது? இயற்கை தந்ததாயின் காவல் தேவையில்லை. அது தானே இருக்கும். மனிதன் செய்ததை இன்னொரு மனிதன் ஓசையின்றிக் கலைத்துவிடலாம்.

கலைக்கும் வேலை நடக்காமலும் இல்லை. திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஆலை வாயிலில் பதினெட்டு வயதுச் சான்று கேட்கிறார்கள், நல்லதே. ஆனால் சான்று காட்டி நுழைந்த பெண், விடுதிக்குத் திரும்பியதும் 'பெண் பிள்ளை' ஆகிவிடுகிறாள். வெளியே செல்ல ஒப்புதல், திரும்பக் கெடு. உழைக்கும்போது வளர்ந்தவள், உலவும்போது குழந்தை! அதைவிடக் கவலை தருவது 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் செய்த திருத்தம். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்று ஒரு கையால் தடுத்தது. பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு, அது ஆபத்தான தொழிலாக இல்லாவிட்டால், 'உதவலாம்' என்று மறு கையால் திறந்துவிட்டது. குடும்பத் தொழில்! இந்த நாட்டிலே அதற்குப் பழைய பெயர் என்னவென்று நாம் சொல்ல வேண்டுமா? மாலை ஆறு மணிக்கு ஆற்றுத் துறையில் தந்தைக்கு எதிரே நின்று துணி பிழியும் பத்து வயதுச் சிறுமி உதவுகிறாளா, உழைக்கிறாளா என்று எந்த ஆய்வாளர் வந்து பிரித்துச் சொல்வார்? மறுநாள் காலை வகுப்பிலே அவள் தூங்கிவிழும்போது அதைப் பார்க்கப் போகிறவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தாம்.