கடைமடைக்கும் தண்ணீர்

வேலையை விட்டு ஊழியத்துக்குப் போனால்தான் கடவுளுக்குப் பணி செய்ததாகுமா? இளமையில் இந்தக் கேள்வி என்னை நெடுநாள் அரித்தது. நான் கண்ட விடையைக் குருவும் சீடனும் பேசிக்கொள்வதாக எழுதுகிறேன். சீடன் தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளன்.

சீடன்: ஐயா, வேலையை ராஜினாமா செய்யப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் இருக்கும்போது மனம் நிறைகிறது. திங்கட்கிழமை கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்ததும், ஆயுசு வீணாகிறதே என்று அடித்துக்கொள்கிறது. முழுநேர ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுத்துவிட்டேன்.

குரு: ஒப்புக்கொடுத்தது நல்லது தம்பி. ராஜினாமாக் கடிதம் மட்டும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். உங்கள் ஊர்க் குளத்தை நினைத்துப் பார். மழைக்காலத்தில் அது நிறைந்து கிடந்தால் கரையில் நிற்பவனுக்கு நெஞ்சு குளிரும். ஆனால் முன்னோர்கள் குளம் வெட்டியது கரையில் நின்று பார்க்கவா? மடையைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குப் பாய வேண்டும். கடைமடைக்காரன் பயிரும் நனைய வேண்டும். ஆராதனையும் ஜெபமும் வேதவாசிப்பும் குளம். திங்கள் முதல் சனி வரை உன் வயல். நீயோ வயலை விற்றுவிட்டுக் கரையில் குடியேறப் பார்க்கிறாய்.

சீடன்: தாலுகா அலுவலகத்து நாற்காலியில் கடவுளுக்கு என்ன பணி இருக்கிறது?

குரு: அதை யோவான்ஸ்நானனிடம் கேள். யோர்தான் பக்கம் ஆயக்காரர் அவரிடம் வந்து தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அந்நிய அரசுக்கு வரி தண்டியவர்கள். ஊரே வெறுத்த உத்தியோகம். அவர் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டு வனாந்தரத்தில் வாழ்ந்தவர். அவர்களையும் அங்கேயே இருத்திக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. விதித்த வரிக்கு மேல் தண்டக்கூடாது என்று மட்டும் சொன்னார். போர்ச்சேவகர் கேட்டபோதும் ஆயுதத்தைப் போடச் சொல்லவில்லை. மிரட்டிப் பறிக்காமல் சம்பளத்தோடு திருப்தியாக இருக்கச் சொன்னார். லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது, வீட்டுக்குப் போய்ப் படி.

உன் மேசையில் ஒரு விதவையின் பட்டா மாறுதல் மனு கிடக்கிறது என்று வைத்துக்கொள். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று எல்லாம் இணைத்திருக்கிறாள். கையில் ஏதாவது வரும் என்று அதை அடியில் தள்ளி வைக்கவும் முடியும். வந்த வரிசையில் எடுத்து, குறிப்பெழுதி மேலே அனுப்பவும் முடியும். அனுப்பினாயானால் கடைமடைக்குத் தண்ணீர் போய்விட்டது. அவளுக்கு உன் பெயர்கூடத் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும்.

சீடன்: சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது ஊழியமாகுமா?

குரு: ஆயருக்கும் சம்பளம் உண்டு. பவுலும் கொரிந்துவில் ஆக்கில்லாவோடு சேர்ந்து கூடாரத் தொழில் செய்துதான் சாப்பிட்டார். மேலே கேள்.

சீடன்: அப்படியானால் சுவிசேஷம் சொல்ல ஆள் வேண்டாமா?

குரு: வேண்டும். அழைப்பு உள்ளவர்கள் போகட்டும். கோப்பு கசந்ததால் கிளம்புகிறவர்களை வைத்துக்கொண்டு சபை என்ன செய்யும்?

சீடன்: ஒன்று மட்டும் இடிக்கிறது ஐயா. பெத்தானியா வீட்டில் மார்த்தாள் பற்பல வேலைகளில் அல்லாடினாள். மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டாள். நல்ல பங்கு மரியாளுடையது என்று ஆண்டவரே தீர்த்துச் சொல்லிவிட்டார். அடுப்படியை விட்டுப் பாதத்துக்கு வா என்பதுதானே அதன் பொருள்?

குரு: நீ கேட்டதிலேயே கனமான கேள்வி இதுதான். இதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மாட்டேன். லூக்கா அந்தச் சம்பவத்தை எதற்கு அடுத்து எழுதினார் என்று முதலில் பார். அதற்கு முந்திய பகுதி நல்ல சமாரியன் கதை. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் ஆசாரியன் விலகிப் போனான், லேவியனும் விலகிப் போனான். இருவரும் தேவாலயத்துப் பணிக்கென்றே பிரித்து வைக்கப்பட்ட வகுப்பார். இன்றைய பேச்சில் முழுநேரம். காயத்துக்கு எண்ணெய் வார்த்தவன் வழிப்போக்கனான சமாரியன். அந்தக் கதை முடிந்த கையோடு பெத்தானியா வருகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் பிரசங்கித்தால் பாதி வேதம்தான் பிரசங்கித்ததாகும்.

மார்த்தாள் எதற்காகக் கடிந்துகொள்ளப்பட்டாள்? சமைத்ததற்காகவா? கவலையால் கலங்கியதற்காக. தங்கையைக் குற்றஞ்சொல்லி, ஆண்டவரைக் கொண்டே அவளை அதட்ட நினைத்ததற்காக. யோவான் சுவிசேஷத்தையும் புரட்டு. லாசரு இறந்தபோது இயேசுவை எதிர்கொண்டு போய், அவரே தேவகுமாரனான கிறிஸ்து என்று அறிக்கையிட்டவள் இந்த மார்த்தாள்தான். பஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு மறுபடி பெத்தானியாவில் விருந்து. அங்கும் பணிவிடை செய்கிறாள் மார்த்தாள். இம்முறை ஒரு முறைப்பாடும் இல்லை, கடிந்துகொள்ளுதலும் இல்லை. குளம் நிறைந்தபின் பாயும் தண்ணீர் இது.

இந்த இரு சகோதரிகளைச் சபை நெடுங்காலம் எடைபோட்டுக்கொண்டே இருந்தது. அகுஸ்தீன் மார்த்தாளில் இந்த வாழ்வையும், மரியாளில் வரப்போகும் வாழ்வையும் கண்டார். மடத்து வாழ்க்கையே உயர்ந்தது என்ற எண்ணம் ஐரோப்பாவில் வேரூன்றியது. 14-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி எக்கார்ட் ஒரு பிரசங்கத்தில், முதிர்ந்தவள் மார்த்தாளே என்று துணிந்து சொன்னார். 1520-இல் லூத்தர், குருமார் ஒரு தரம், மற்றவர் கீழ்த்தரம் என்ற சுவரையே இடித்தார். செருப்புத் தைப்பவனும் கொல்லனும் உழவனும் தத்தம் தொழிலிலேயே பிறருக்குப் பணி செய்ய அபிஷேகம் பெற்றவர்கள் என்றார். என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானவர் பாரிசின் கார்மேல் மடத்துச் சகோதரர் லாரன்ஸ். போரில் காயம்பட்ட பழைய சிப்பாய். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையற்கட்டு. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. ஆனாலும் பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவே, நற்கருணைமுன் முழங்காலில் இருப்பதைப்போலவே தேவசமுகத்தில் இருக்கப் பழகினார். 1691-இல் இறந்தார். அவர் பேச்சையும் கடிதங்களையும் பிறர் தொகுத்து நூலாக்கினார்கள். அந்தச் சமையற்காரரின் நூலை இன்று ஆயர்களும் ஆயர்மாரின் ஆசிரியர்களும் படிக்கிறார்கள்.

நம் மண்ணில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர், நீதிமன்றத்தில் முன்சீப். தீர்ப்புகள் ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடந்தால் ஏழைக்கு நியாயம் எப்படித் தெரியும்? 1805 முதல் 1861 வரையான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இல் வெளியிட்டார். தாது வருஷப் பஞ்சத்தில் கைப்பொருளைக் கொடுத்து ஊரைக் காத்தார்; கோபாலகிருஷ்ண பாரதியாரே அதைப் பாடினார். பிரசங்கபீடம் ஏறாத இந்த முன்சீபின் வயலில் கடைமடை வரை ஈரம் இருந்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. வேலையே என் ஜெபம் என்று சொல்லி ஜெபத்தை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் வருஷம் நேர்மையாக இருப்பார்கள். பிறகு இடமாற்ற மிரட்டல் வரும், கூட இருப்பவர்களின் ஏளனம் வரும், பிள்ளைகளின் கல்விக்கட்டணம் வரும். குளத்தில் ஒன்றும் இல்லாதபோது மடையைத் திறந்து என்ன பயன்? வருஷா வருஷம் தூர்வார வேண்டும், கரையைக் கட்ட வேண்டும். மரியாள் பாதத்தருகே செய்தது அந்தக் குடிமராமத்துதான். ஆகவே விடியற்கால ஜெபத்தை விடாதே, அலுவலகத்தையும் விடாதே.

சபை மூப்பர்களே, உங்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். மிஷனரி ஊழியத்துக்குப் போகிறவனை முன்னே அழைத்து, முழங்காற்படியிட வைத்து, தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்புகிறீர்கள். அரசு வேலை கிடைத்த பிள்ளையிடம் ஸ்தோத்திரக் காணிக்கை வாங்கிக்கொள்கிறீர்கள். அடுத்தமுறை ஒரு பெண் செவிலியாகவோ ஒரு பையன் எழுத்தராகவோ வேலைக்குச் சேரும்போது, அவர்களையும் முன்னே அழையுங்கள். அவர்கள் தலையிலும் கைவைத்து ஜெபித்து அனுப்புங்கள்.